சிம்பலிச ஓவியம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கே: மேடம், மொரோ, ரெதோன், பியூவி த ஷவான் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள் மூவரையும் சிம்பலிஸ்ட் என்கிறார்கள். படங்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே?

ப: சம்பந்தம் தூரிகையில் இல்லை. எதை வரைய மறுத்தார்கள் என்று பாருங்கள். அதே பாரீஸில் இம்ப்ரெஷனிஸ்டுகள் ஆற்றங்கரை வெயிலையும் ரயில் நிலையப் புகையையும் வரைந்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அது போதவில்லை; கனவு, பயம், ஆசை, சாவு என்று கண்ணுக்குத் தெரியாதவற்றை எப்படிக் காட்டுவது என்பதுதான் இவர்கள் கவலை, அதற்கு ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். 1886இல் கவிஞர் மொரேயாஸ் 'லெ ஃபிகாரோ' பத்திரிகையில் வெளியிட்ட சிம்பலிச அறிக்கைகூட கவிதையைப் பற்றியது. மொரோவும் ஷவானும் அதற்குப் பல வருஷம் முன்பே இந்தப் பாதையில் இறங்கிவிட்டார்கள்.

கே: மொரோ படத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை அக்கா. நகை, தூண், வேலைப்பாடு, கண் வலிக்கிறது.

ப: 1876இல் காட்சிக்கு வைத்த 'தோற்றம்' என்ற நீர்வண்ணப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைபிள் கதை அது: ஏரோது ராஜா முன்னால் ஆடி, யோவானின் தலையைப் பரிசாகக் கேட்டவள் சலோமே. யோவானின் வெட்டுண்ட தலை ஒளிவட்டத்தோடு அந்தரத்தில் நிற்கிறது, ரத்தம் கீழே வழிகிறது, சலோமே கையை நீட்டி அதையே பார்க்கிறாள். இப்போது சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். ஏரோது ராஜா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், வாளோடு நிற்கும் கொலையாளியும் அப்படியே. ஒருவர்கூடப் பதறவில்லை. அந்தத் தலை அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவு நகைக்கும் தூணுக்கும் நடுவே அவள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த நெரிசல் அதற்காகத்தான். இதே காட்சியின் எண்ணெய் வண்ணப் படம் ஒன்று பாரீஸில் மொரோவின் வீட்டில் இருக்கிறது; அதில் தூண் வேலைப்பாடுகளை வண்ணத்தின் மேல் வெறும் மெல்லிய கோடுகளாகப் போட்டு அப்படியே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

கே: ஷவான் படம் வெளிறிப்போய் சப்பென்று இருக்கிறதே?

ப: வேண்டுமென்றே செய்தது. பழைய சுவரோவியத்தின் மங்கல் நிறம் வேண்டும் என்று எண்ணெய் வண்ணத்திலேயே அப்படிப் பழகினார். அவருடைய பெரிய சுவர்ப் படங்கள்கூட துணியில் வரைந்து சுவரில் ஒட்டியவைதான். 'ஏழை மீனவன்' (1881) பாருங்கள், படகில் தலை குனிந்து நிற்கிறான், வலை தண்ணீரில் கிடக்கிறது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. மொரோ அடைத்துச் சொன்னதை இவர் காலியாக விட்டுச் சொன்னார். பின்னால் வந்த ஓவியர்கள் சூராவும் கோகெனும் பிக்காசோவும் இவரிடம் நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

கே: ரெதோன் ஏன் இவ்வளவு காலம் கறுப்பிலேயே வரைந்தார்?

ப: கரிக்கோல் அவருக்கு அவ்வளவு வசப்பட்டிருந்தது. தாளில் கரியை அப்பி, தேய்த்து, துடைத்து, சுரண்டி உள்ளேயிருந்து வெளிச்சத்தை எடுப்பார், அதனால் உருவங்கள் இருட்டிலிருந்து மெதுவாகக் கிளம்பி வருவதுபோல் இருக்கும். 'சிரிக்கும் சிலந்தி'யில் (1881) கால்களை எண்ணிப் பாருங்கள், பத்து! மற்றபடி அந்த உடம்பின் ரோமம் நிஜப் பூச்சிபோலவே இருக்கும், பயம் அங்கேதான் பிடிக்கிறது. 1890களில் பாஸ்டல் என்ற வண்ணக் குச்சிக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் மாறினார். அப்புறம் வந்த பூக்களின் நிறத்தைப் பார்த்தால் அதே ஆளா என்று தோன்றும்.

கே: சுவிஸ் ஓவியர் பொக்லினின் 'மரணத்தின் தீவு' சிம்பலிசமா?

ப: ஆமாம். 1880 முதல் 1886 வரை ஐந்து முறை வரைந்தார். அந்தத் தலைப்பு வைத்தது அவரில்லை, ஓவிய வியாபாரி குர்லிட்.

கே: மொரோவின் மாணவர்கள் யாரும் அவரைப் போல வரையவில்லையாமே?

ப: சரிதான், அது அவருக்குப் பெருமை. பின்னால் பெரிய ஓவியர்களான மத்தீஸும் ரூவோவும் அவரிடம் படித்தவர்கள். தன்னைப் பார்த்து வரையச் சொல்லாமல், லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய ஓவியர்களைப் பார்த்து வரையச் சொன்னார். அவர் வீடு 1903இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது முதல் காப்பாளர் ரூவோதான். பாரீஸ் போனால் அங்கே சுவரோரம் இருக்கும் மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், அவருடைய கோட்டோவியங்கள் அதற்குள் இருக்கின்றன. அவசரப்படாமல் அரை நாளாவது ஒதுக்குங்கள்.