பெல்ட் அறுந்தால் பழையதை எறியாதீர்கள்

கேள்வி: நான் வத்தளையில் இருக்கிறேன். மாதம்பையில் உள்ள எங்கள் தென்னந்தோட்டத்துக்கு 500 சிசி ஏ.டி.வி. (மேடுபள்ளத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். சின்ன டிரெயிலர் பூட்டித் தேங்காய் இழுக்கிறோம். வாங்கிய பிறகு இரண்டு பெல்ட் போய்விட்டது, இரண்டாவது 400 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. "இந்தச் சாமானுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்கிறார் மெக்கானிக். உண்மையா? அடுத்து எந்த பெல்ட் வாங்கலாம்?

பதில்: உண்மை இல்லை. சரியாகப் பொருத்தி, சரியாக ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீற்றர் தாங்க வேண்டிய பெல்ட் அது. அடுத்தடுத்து இரண்டு போயிருக்கிறது என்றால் முதல் பெல்ட்டைக் கொன்ற காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவதை வாங்குவது காசைக் கடலில் போடுகிற வேலை.

உங்கள் வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் அதில் ஓடுவதும் இதே அமைப்புத்தான், அளவு மட்டும் சின்னது. இன்ஜின் பக்கம் முன் கிளச், கியர்பெட்டி பக்கம் பின் கிளச், நடுவில் பெல்ட். உங்களுடையது போன்ற பல வண்டிகளில் இன்ஜின் சும்மா ஓடும்போது முன் கிளச்சின் இரண்டு தட்டுகளும் விலகியே இருக்கும். அக்ஸிலரேட்டர் கொடுத்தால்தான் உள்ளே உள்ள எடைகள் தட்டை நெருக்கி பெல்ட்டைப் பிடிக்கும். முழுதாகப் பிடித்துவிட்டால் பெல்ட்டுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குகிற அந்த இடைநேரத்தில்தான் சூடு ஏறி இறப்பர் கருகுகிறது. பெல்ட்டின் ஆயுளை இந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது, மீற்றரில் ஓடிய கிலோமீற்றர் அடுத்த கணக்குத்தான்.

ஆகவே என் முதல் சந்தேகம் உங்கள் டிரெயிலர்மேல். தேங்காய் ஏற்றி, மணல் தரையில், 'ஹை' கியரில் மெல்ல மெல்ல நகர்த்துகிறார்களா என்று தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். வண்டிக்கு நோகக்கூடாது என்று அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவர்தான் பெல்ட்டை அதிகம் கெடுக்கிறார், வேடிக்கையான விஷயம் இது. 'லோ' கியரில் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும், கிளச் சீக்கிரம் இறுகிப் பிடிக்கும். ஏ.டி.வி. தயாரிக்கும் பொலாரிஸ் நிறுவனத்தின் கையேடுகள், மணிக்குச் சுமார் 11 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் போகும்போதும் பாரம் இழுக்கும்போதும் 'லோ' போடச் சொல்கின்றன. 'லோ' போட்டால் பெற்றோல் குடிக்கும் என்று யாராவது சொன்னால், ஒரு பெல்ட்டின் விலையைச் சொல்லிக் காட்டுங்கள்.

அறுந்த பெல்ட் இன்னும் கையில் இருக்கிறதா? அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஓரிரு இடத்தில் மட்டும் பக்கம் கருகி, இடுப்புபோல ஒடுங்கியிருந்தால், சக்கரம் அசையாமல் நிற்கும்போது அக்ஸிலரேட்டரை அமுக்கியிருக்கிறார்கள்: சேற்றில் புதைந்தது, பிரேக் ஒட்டிக்கொண்டது, பாரம் கூடியது, இப்படி ஏதாவது. சுற்றிவரப் பக்கங்கள் கண்ணாடிபோல மினுங்கினால் தொடர்ந்து வழுக்கியிருக்கிறது. பெல்ட்டை மூடியிருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் போனாலும் வழுக்கும், கிளச்சின் ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தாலும் வழுக்கும். ஒரு பக்க ஓரத்தில் மட்டும் நார் பிரிந்து தொங்கினால் இரண்டு கிளச்சும் நேர்கோட்டில் இல்லை. இன்ஜின் தாங்கும் இறப்பர்களைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எங்கோ ஒரு சீல் கசிகிறது.

காற்றுக் குழாயையும் மறந்துவிடாதீர்கள். பெல்ட் பெட்டிக்குக் குளிர்காற்று கொண்டுபோகத் தனிக் குழாய் இருக்கிறது. தென்னந்தோட்டத்துத் தூசும் தும்பும் அதன் வாயை அடைத்தால், ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் உள்ளே சூடு தணியாது. அப்புறம், முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தால் அதுவும் பெல்ட்டின் தலையில்தான் விடியும்.

இனி வாங்குவது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய பெல்ட்டைக் காட்டினால் கண்ணால் பார்த்தே ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். வண்டியின் மாடலையும் ஆண்டையும் வைத்துப் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்து நீளத்தில் கொஞ்சம் குறைந்தால், சும்மா நிற்கும்போதே வண்டி முன்னே இழுக்கும், கியர் கரகரக்கும். நீளம் கூடினால் கிளம்பும்போது சக்தி இருக்காது, திரும்பவும் வழுக்கல். சீனத்து 150 சிசி வண்டிக்காரர்களுக்கு இது சுலபம்: பெல்ட்டிலேயே 743-20-30 என்பதுபோல எழுதியிருக்கும், நீளமும் அகலமும் மில்லிமீற்றரில், கடைசி எண் பக்கச் சரிவின் பாகை. எல்லா ஏ.டி.வி.யிலும் பெல்ட் இருக்கும் என்றும் இல்லை. ஹொண்டாவின் ரான்சர், ஃபோர்மன் வகைகள் கியரில் ஓடுபவை. யமஹாவின் அல்ட்ராமாட்டிக் என்ற தானியங்கி அமைப்பில் பெல்ட் உண்டு, ஆனால் அது எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்படி தனி கிளச் வைத்திருக்கிறார்கள், அதனால் நீண்ட நாள் உழைக்கும்.

புதியதைப் போடுமுன் அறுந்த பெல்ட்டின் நார்த் துண்டுகளைக் கிளச்சுக்குப் பின்னாலிருந்தும் காற்றுக் குழாயிலிருந்தும் முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள். அவசரக்கார மெக்கானிக் விடுகிற வேலை இது. தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், கிரீஸ் கை படக்கூடாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசை அதுதான். முதல் 80 கிலோமீற்றருக்கு டிரெயிலரும் வேண்டாம், முழு அக்ஸிலரேட்டரும் வேண்டாம்.

தண்ணீர் புகுந்துவிட்டால் பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள மூடியைத் திறந்து வடியவிட்டு, நியூட்ரலில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் முடுக்கினால் பெரும்பாலும் காய்ந்துவிடும். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ, இறப்பர் கருகும் மணம் வந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஒரு பெல்ட்டைக் கையிருப்பில் வைப்பது நல்லதுதான். ஆனால் கம்பியால் இறுக்கிக் கட்டி, மடித்துச் சீட்டுக்கடியில் திணிக்கக்கூடாது. உள்ளே இருக்கும் நார் அந்த மடிப்பில் முறியும், நாளைக்குப் போட்டதும் அதே இடத்தில் அறும். அதன் இயல்பான வட்டத்தில் கொட்டிலில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கூடவே பெட்டி மூடியைக் கழற்றும் ஸ்பானரும் இருக்கட்டும்.