“அம்மாவுக்குக் காய்ச்சல்” என்று எத்தனை நாளைக்குச் சொல்வது?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்காக என் வலது மார்பை அகற்றி 5 கிழமை. கமக்கட்டு நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். 5 நாட்களுக்கு முன் முதல் கீமோ ஏற்றினார்கள். பிள்ளைகளிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற மகள் இப்போது கதைப்பதே குறைவு. 4 வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், தூக்கச் சொல்லி அழுகிறான். என்ன செய்வது?

பதில்: மகளுக்குப் பாதி தெரிந்திருக்கும். போனில் கதைப்பது அவள் காதில் விழாமலா இருக்கும்? மீதியைத் தானே கற்பனை செய்கிறாள். இந்த வயதில் அது பெரும்பாலும் “என்னால்தான் வந்தது” என்பதில் போய் நிற்கும். காய்ச்சல் என்று சொன்னதில் இன்னொரு கெடுதி: நாளைக்குத் தம்பிக்கு உடம்பு சுட்டாலும் நடுங்குவாள்.

முடி கொட்டுவது முதல் கீமோவிலிருந்து 2, 3 கிழமையில் தொடங்கும். அதற்கு முன் சொல்லிவிடுங்கள். மகளிடம் தனியாக, நோயின் பெயரோடு: “அம்மாவின் மார்பில் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்தாச்சு, திரும்ப வராமலிருக்க மருந்து ஏற்றுகிறார்கள். நீ சண்டை பிடித்ததால் வரவில்லை, யாருக்கும் தொற்றாது. நான் ஆசுப்பத்திரியில் நிற்கிற நாளில் அம்மம்மா உன்னோடு இருப்பா.” “செத்துப்போவீங்களா?” என்று கேட்டால் பொய் வாக்குக் கொடுக்க வேண்டாம். “சாகாமல் இருக்கத்தான் மருந்து. ஏதும் மாறினால் உனக்குச் சொல்லுவேன்” என்றால் போதும். கோணேசருக்கு நேர்த்தி வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் “செய்த பாவம்” என்று எவரையும் அவள் முன் கதைக்க விடாதீர்கள். வகுப்பாசிரியைக்கும் சொல்லி வையுங்கள்.

மகனை ஏச வேண்டாம். பயத்தில் சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் விட்ட குழந்தைப் பழக்கங்களுக்குத் திரும்புவார்கள். இரவில் தினமும் ஒரே ஆள் படுக்க வைக்கட்டும். கணு எடுத்த கை வீங்கக்கூடும் என்பதால் இப்போதைக்கு அவனைத் தூக்காதீர்கள். நிலத்தில் இருங்கள், அவனே இடப்பக்கமாக மடியில் ஏறட்டும். கட்டிப்பிடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு கீமோவுக்குப் பின்னும் 48 மணிநேரம் சிறுநீர், சத்தியில் மருந்து கலந்திருக்கும்: மலசலகூடத்துக்கு இருதரம் தண்ணீர் விடுங்கள், அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் தோயுங்கள்.

கீமோ ஏற்றி 7 முதல் 14ஆம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். வீட்டில் தடிமன், கொப்புளிப்பான் யாருக்கு வந்தாலும் விலகியிருங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் போட்டு விடியும்வரை பார்க்காமல், கீமோ அட்டையோடு உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். மகனுக்கு 5 வயதில் போலியோ சொட்டு வரும். சொட்டிலுள்ள பலவீனப்படுத்திய வைரஸ் சில கிழமைகள் அவன் மலத்தில் வெளியேறும், உங்களுக்குத் தொற்றக்கூடும். கொடுக்குமுன் உங்கள் சிகிச்சை பற்றி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.


மகளிடம் சமையலையும் தம்பியையும் ஒப்படைக்காதீர்கள். உங்கள் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைப்பது மட்டும் அவள் வேலையாக இருக்கட்டும்.