ஹீட் பம்பில் ஐஸ் பிடித்தால்: குளிர்காலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றைப் பற்றித்தான்: வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின், வெளியே நிற்கும் யூனிட் உறைந்துபோகிறது. டொரோண்டோ பக்கத்திலிருந்து வந்தவை அதிகம். நார்வேயிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் சில.

கே: காலையில் வெளி யூனிட் முழுக்க வெள்ளையாக இருந்தது. திடீரென்று ஃபேன் நின்று, புஸ்ஸென்று சத்தம் வந்து, மேலே புகை கிளம்பியது. எரிகிறதோ என்று பயந்து பிரேக்கரை அணைத்துவிட்டேன். (ஸ்காபரோ)

அது புகை இல்லை, நீராவி. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்க வேண்டுமானால் ‘காயில்’ (கேஸ், அதாவது குளிர்பதன வாயு, ஓடும் குழாய்ச் சுருள்) அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், அதனால் வெளியே 3 டிகிரி இருக்கும்போதே காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து உறையும். இது மெஷினுக்குத் தெரியும். அவ்வப்போது கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வைத் திருப்பி, கோடைக்கால ஏசி போலச் சில நிமிடம் ஓடி, வீட்டு வெப்பத்தையே வெளிக் காயிலுக்கு அனுப்பி உருக்கும். இதுதான் டிஃப்ராஸ்ட். அந்த நேரத்தில் ஃபேன் நிற்கும், ஆவி பறக்கும், உள்ளே கொஞ்சம் குளிர்காற்றுகூட வரலாம். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கரை மட்டும் சும்மா அணைக்காதீர்கள். கம்ப்ரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஒரு சின்ன ஹீட்டர் பல மாடல்களில் இருக்கிறது. கடுங்குளிரில் நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த யூனிட்டை, பிரேக்கரைப் போட்ட உடனே ஓட்டாமல் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து ஓட்டுவதுதான் கம்ப்ரசருக்கு நல்லது.

கே: ஒஸ்லோவில் அண்ணா வீட்டில் மைனஸ் 15-இல்கூடப் பிரச்சினை இல்லை. இங்கே 1, 2 டிகிரியிலேயே எங்கள் யூனிட் ஓயாமல் உறைகிறது. மட்டமான மெஷினா? (பேர்கன்)

மெஷின் மேல் தப்பில்லை, உங்கள் ஊர்க் காற்று அப்படி. மைனஸ் 15-இல் காற்றில் ஈரமே கொஞ்சம்தான் இருக்கும். பேர்கன் மாதிரி மழை ஊரில், பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்குளிர்தான் ஹீட் பம்புக்கு மிக மோசமான வானிலை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை டிஃப்ராஸ்ட் ஆனாலும் கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் முழுதாக உருகுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: யூனிட்டின் கீழ்ப்பாதி கண்ணாடி மாதிரிக் கெட்டியான ஐஸ், இரண்டு நாளாக உருகவே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்று நிரப்பினார். மறுபடி அதே கதை. (பிராம்டன்)

இதுதான் நிஜமான கோளாறு. மெல்லிய வெள்ளைப் பூச்சு வரும், போகும். கெட்டி ஐஸ் உருகாமல் நின்றால் டிஃப்ராஸ்ட் நடக்கவில்லை, அல்லது உருகிய நீர் வெளியே போகாமல் அங்கேயே மறுபடி உறைகிறது. எது என்று தெரிய உங்கள் கண்ணே போதும். ஃபோனை எங்காவது நிறுத்தி யூனிட்டை இரண்டு மணி நேரம் வீடியோ எடுங்கள்.

ஃபேன் நின்று ஆவி வந்து, தண்ணீர் கீழே வடிந்து, அடியில் தேங்கினால் வடிகால்தான் பிரச்சினை. அடித்தட்டில் உள்ள ஓட்டைகளை இலையோ பழைய ஐஸோ அடைத்திருக்கும், அல்லது அடித்தட்டு ஹீட்டர் செத்திருக்கும். மேலே கூரைத் தகரம் ஒழுகுகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரை எந்த டிஃப்ராஸ்டாலும் சமாளிக்க முடியாது, இதைக் கவனிக்காமல் கன்ட்ரோல் போர்டையே மாற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஐஸ் இருந்தும் டிஃப்ராஸ்ட் தொடங்கவே இல்லை என்றால் காயில் சென்சர், கன்ட்ரோல் போர்டு, ரிவர்சிங் வால்வு என்ற வரிசையில் சந்தேகப்படலாம். இது மெக்கானிக் வேலை. ஹீட்டிங்கில் ஓடும்போது வெளி ஃபேன் சுற்றவே இல்லை என்றால் அதன் மோட்டாரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கேஸ். கேஸ் குறைந்தாலும் இப்படிப் பாதிக் காயில் மட்டும் உறையலாம், அதனால் வந்தவர் சொன்னது முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்பினால் பணத்தைக் காற்றில் விடுகிறீர்கள். ஒன்டாரியோவில் கேஸைத் தொடுகிறவரிடம் ஓடிபி (ODP) அட்டை, அதாவது இந்த வாயுவைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, இருக்க வேண்டும், கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

அதுவரை தெர்மோஸ்டாட்டில் ‘எமர்ஜென்சி ஹீட்’ (துணை ஹீட்டரால் மட்டும் வீட்டைச் சூடாக்குவது) இருந்தால் அதில் போடுங்கள், வெளி யூனிட் ஓயும். கரண்ட் பில் ஏறும்தான், ஆனால் புதுக் கம்ப்ரசர் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

கே: ஸ்க்ரூடிரைவரால் ஐஸைக் கொத்தி எடுக்கலாமா? உப்பு போட்டால்? (மார்க்கம்)

இரண்டும் வேண்டாம். அலுமினியத் தகடுகளுக்குப் பின்னால் கேஸ் குழாய் ஓடுகிறது, ஒரு குத்து போதும். உப்பு உலோகத்தை அரிக்கும். யூனிட்டை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். அதையும் வெயில் அடிக்கும் பகலில் செய்யுங்கள், மைனஸ் 20 ராத்திரியில் ஊற்றினால் இருக்கிற ஐஸோடு இன்னும் கொஞ்சம் சேரும்.

கே: ரேடியேட்டரோடு இணைத்த ஹீட் பம்ப். அதிலிருந்து வடியும் தண்ணீர் நடைபாதையில் உறைந்து அம்மா வழுக்கி விழப் பார்த்தார். (லெஸ்டர்)

பொருத்தியவர் செய்திருக்க வேண்டிய வேலை இது. யூனிட்டின் அடியில் குழி வெட்டிச் சரளைக்கல் போட்டு, தண்ணீர் மண்ணுக்குள் இறங்க விட வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள். மெல்லிய குழாய் மாட்டித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது குளிரில் முதலில் அடைபடும்.

கே: பனி விழாமல் தார்ப்பாயால் மூடி வைக்கலாமா? (ஒட்டாவா)

ஓடும் யூனிட்டை மூடவே கூடாது, அது விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்து இன்னும் வேகமாக உறையும். காற்று மேல்பக்கமாக வெளியேறும் மாடல் இல்லையென்றால், பக்கங்கள் திறந்த சின்னக் கூரை போடலாம். அதைவிட முக்கியம் உயரம். ஒட்டாவா பனிக்கு யூனிட் தரையில் உட்காரக் கூடாது, உங்கள் முற்றத்தில் வழக்கமாகப் பனி சேரும் மட்டத்துக்கு மேலே ஸ்டாண்டிலோ சுவர் பிராக்கெட்டிலோ நிற்கட்டும். சுவர் பிராக்கெட் என்றால் படுக்கையறைச் சுவர் வேண்டாம், அதிர்வு ராத்திரி முழுக்கக் கேட்கும்.