மேபலுக்காகவா தொலைபேசி?

கேள்வி: காது கேளாத தம் மனைவியோடு பேசுவதற்காகத்தான் கிரகாம் பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, உண்மையா? ஊமைகளையும் பேசவைத்தவர் அல்லவா அவர்!

பதில்: உண்மை இல்லை. காது கேளாதவரோடு பேச யாராவது தொலைபேசியைச் செய்வார்களா? அவர் மனைவி மேபல், எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர். முகமே தெரியாத கருவி அவருக்கு எதற்கு? காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச்சில். மேபல் மனைவியானது அடுத்த ஆண்டில்.

ஆனால், காது கேளாமை இல்லாமல் தொலைபேசியும் இல்லை. பெல்லின் தாயாருக்குச் செவித்திறன் குறைவு. ஒவ்வோர் ஒலிக்கும் நாக்கும் உதடும் எங்கே நிற்கின்றன என்பதைக் குறியீடுகளாக எழுதிக்காட்டியவர் தந்தை. பெல்லோ பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியர். அந்தப் பிள்ளைகள் தங்கள் குரலைக் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று 1874-இல் ஒரு சோதனையில் இறங்கினார். காது மருத்துவரான கிளாரன்ஸ் பிளேக், இறந்துபோன ஒருவரின் காதை, செவிப்பறையும் சிற்றெலும்புகளும் சிதையாமல் எடுத்துக் கொடுத்தார். எலும்பின் நுனியில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டினார் பெல். அந்தக் காதுக்குள் பேசினால் துரும்பு துடித்து, கரிப்புகை பூசிய கண்ணாடியில் அலையலையாகக் கோடு இழுக்கும். இவ்வளவு மெல்லிய சவ்வு தன்னைவிடக் கனமான எலும்புகளையே அசைக்கிறதென்றால், சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? தொலைபேசிக்கு வழி திறந்தது இந்தக் கேள்விதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். உலகம் தொலைபேசிக்கு மாற மாற, மருத்துவரை அழைப்பதற்குக்கூட அவர்கள் காது கேட்கும் ஒருவரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பெல்லும் கடைசிவரை வாய்ப்பேச்சையே வற்புறுத்தினார். வகுப்பறையில் சைகை மொழி கூடாது என்றார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வதே ஆபத்து என்று 1883-இல் ஆய்வுரையும் படித்தார். அவருடைய அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ என்னால் முடியாது.

அடைத்திருந்த கதவைத் திறந்தவர் ராபர்ட் வைட்பிரெக்ட். பிறவியிலேயே காது கேளாத இயற்பியலாளர். தட்டச்சு செய்யும் எழுத்துகளை ஒலிகளாக்கித் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் கருவியை 1964-இல் அமெரிக்காவில் அவர் உருவாக்கினார். தொலைபேசியின் கைப்பிடியை அந்தக் கருவியின் மேல் வைத்துவிட்டால் போதும். இங்கே தட்டுவது அங்கே தாளில் அச்சாகும். தட்டவும் அச்சிடவும் அந்தக் கருவியோடு இணைக்க, தந்தி நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பழைய தட்டச்சுத் தந்தி இயந்திரங்களை, தூக்க ஆள் போதாத அந்தப் பாரங்களை, காது கேளாதவர்களே வாங்கிப் பழுதுபார்த்து வீட்டுக்கு வீடு வைத்தார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் ‘ஜிஏ’ என்று தட்டுவார்; ‘இனி நீங்கள்’ என்று பொருள். எதிர்முனையில் இருப்பவர் உடனே தட்டத் தொடங்குவார். பெல்லின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே 88 ஆண்டுகள்.

கையால் பேசுகிறவர்களும் பேசுகிறவர்கள்தாம். சைகை மொழிக்குச் சொல்வளம் உண்டு, இலக்கணம் உண்டு. அவர்களை ‘ஊமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் அந்தச் சொல் வேண்டாம்.