ஆர்.என்.ஏ.வை ஒளிர வைக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள அம்மா,

"உயிருள்ள செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைப் பார்க்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். இதை நம்பி எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் எதில் மனதைப் பறிகொடுத்தாள் என்று முதலில் சொல்கிறேன்.

செல்லில் எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது ஆர்.என்.ஏ. அதைப் பார்க்க வழக்கமாகச் செல்லைக் கொன்று பதப்படுத்துவார்கள். 1996-ல் சஞ்சய் தியாகியும் பிரெட் கிராமரும் வேறொரு கருவியைச் செய்தார்கள். கொண்டை ஊசிபோல் மடங்கிய சிறு டி.என்.ஏ. இழை, ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. தனக்குப் பொருந்தும் ஆர்.என்.ஏ. கிடைத்ததும் ஊசி விரியும், முனைகள் விலகும், விளக்கு எரியும். எத்தனை அழகான யோசனை! இதே கொண்டை ஊசி இன்று பி.சி.ஆர். நோய் கண்டறியும் சோதனைகளிலும் பயன்படுகிறது. ஆகவே வேலைக்கு வழியே இல்லாத துறை என்று பயப்பட வேண்டாம்.

சிரமத்தையும் மறைக்கமாட்டேன். செல்லுக்குள் போன இழையை நொதிகள் வெட்டிவிட்டால் ஆர்.என்.ஏ. இல்லாமலே விளக்கு எரியும். கொண்டை ஊசி இல்லாமல் ஆர்.என்.ஏ.வில் நேராக ஒட்டி ஒளிரும் சின்னச் சாயங்களும் உண்டு. அவற்றுக்கு வேறு தொல்லை, டி.என்.ஏ.விலும் போய் ஒட்டும். நுண்ணோக்கியில், செல்லின் உட்கருவுக்குள் ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கும் நியூக்ளியோலஸ் என்ற பகுதி பச்சைப் புள்ளியாக மின்னும்போது மனம் துள்ளும். பிறகு, பதப்படுத்திய செல்களில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை விட்டுப் பார்ப்பார்கள். புள்ளி மங்கினால் சரி. மங்காவிட்டால் அது காட்டியது ஆர்.என்.ஏ. அல்ல, பல மாத உழைப்போடு மறுபடி சாயம் செய்யும் மேசைக்கே திரும்ப வேண்டும்.

அதனால்தான் முதுகலையில் கரிம வேதியியலை எடுக்கச் சொல்கிறேன். செல் வளர்ப்பையும் நுண்ணோக்கியையும் ஆய்வகத்தில் பழகிக்கொள்ளலாம். மூலக்கூறைத் தன் கையால் செய்து, சுத்தப்படுத்தி, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் சரிபார்க்கும் பழக்கம் பின்னால் வருவது கடினம். அது கைவந்தால் மருந்து, சாயம், நோயறிதல் என்று பல கதவுகள் திறக்கும். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகலாம், அதற்கு வீடும் தயாராக வேண்டும். வழிகாட்டியைத் தேடும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

இந்த விடுமுறையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வரட்டும். வந்ததும் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். எதுவுமே ஒளிராத நாளில் என்ன செய்தாள் என்றும் கேளுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.