ஒரு இறக்கை தரையைக் காட்டும்போது

கே: பெரு நாட்டுக்குப் போகிறேன். பாலைவனத் தரையில் ராட்சத உருவங்களாக வரைந்திருக்கும் நாஸ்கா கோடுகளை விமானத்தில் பார்த்தால் குமட்டும் என்கிறார்களே, தரையிலிருந்தே பார்க்க முடியாதா?

ப: பார்க்கலாம், ஆனால் பாதி ஏமாற்றம்தான். பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையோரம் இருக்கும் கோபுரத்தில் ஏறினால் மரம், கைகள் என்று ஓரிரண்டு உருவங்கள் தெரியும் (பக்கத்திலேயே ஒரு பல்லியின் உடலை வெட்டிக்கொண்டு அதே சாலை போகிறது, என்ன சொல்ல!). குரங்கின் சுருண்ட வாலும், கிட்டத்தட்ட 46 மீட்டர் நீளச் சிலந்தியும் வேண்டுமென்றால் பறந்துதான் ஆக வேண்டும்.

குமட்டல் நிஜம்தான். ஒவ்வொரு உருவத்துக்கும் விமானி ஒரு இறக்கையைத் தரைப்பக்கம் சாய்த்து வட்டமடிப்பார், அப்புறம் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்காக மறுபடி அதே ஆட்டம், அரை மணி நேரமும் இப்படியே. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே போடுங்கள், முக்கியமாக கேமராத் திரையையே உற்றுப் பார்க்காதீர்கள். காற்று கிளம்பாத காலை நேரம் நல்லது. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். உங்களையும் எடை போடுவார்கள், சின்ன விமானம், கோபப்படக் கூடாது.

கே: வேற்றுக்கிரகவாசிகள் வரைந்ததா?

ப: இல்லை ஐயா. வெயிலில் கறுத்த மேல்கற்களை ஒதுக்கினால் அடியில் வெளிர் மண், அவ்வளவுதான். மழையே அபூர்வம் என்பதால் அழியவில்லை. ஜெர்மனியில் பிறந்த மரியா ரைஷே தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இவற்றை அளப்பதிலேயே கழித்தார், துடைப்பத்தால் கோடுகளைப் பெருக்கிக்கூட வைத்தார்.