மீந்த உருளைக்கிழங்கு மசியலில் மொறுமொறுப்பான பலகாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பல, விருந்தில் மீந்துபோன மசித்த உருளைக்கிழங்கை மறுநாள் பலகாரமாக மாற்றுவதைப் பற்றியவை. கேட்டவர்களின் சிக்கல்கள் வெவ்வேறாகத் தோன்றினாலும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மசியலில் தங்கியிருக்கும் ஈரமே காரணம் என்பதால், முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மகனின் பிறந்தநாள் விருந்தில் மீந்த மசியலை வடை போலத் தட்டி, முட்டையில் தோய்த்துப் பொரித்தேன். எண்ணெயில் போட்ட சிறிது நேரத்தில் வெடித்துப் பிரிந்து, குவாலி (வாணலி) முழுவதும் துகளாகிவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: விருந்துக்குச் செய்த மசியலில் பாலும் வெண்ணெயும் சேர்ந்திருக்கும். கிழங்கு வேகும்போது குடித்த தண்ணீரும் அதனுள் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. மேலே படிந்த மெல்லிய முட்டைத் தோல் இறுகுவதற்குள் ஆவி அதைக் கிழித்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான மசியல் எண்ணெயில் சிதறத்தான் செய்யும். ஆகவே பொரிப்பதற்கு முன்பே ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். அகலமான குவாலியில் எண்ணெய் ஊற்றாமல் மசியலைப் போட்டு, சிறு தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை அடிபிடிக்காமல் கிளறுங்கள். முதலில் தளர்ந்து பரவிக் கிடக்கும் மசியல், ஆவி குறையக் குறையக் குவாலியின் ஓரத்தை விட்டு விலகி, கரண்டியோடு ஒரே திரளாகச் சுழன்று வரும். அப்போது விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டாது. அதுவே இறக்கும் பதம்.

இறக்கியதை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள். வெந்த கிழங்கின் மாவுச்சத்து குளிரும்போது மீண்டும் இறுகும் இயல்புடையது என்பதால், ஓர் இரவு குளிர்ந்த மசியல் வடிவம் கலையாமல் நிற்கும். அடுத்து எண்ணெயின் சூடு. 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சரி. வெப்பமானி இல்லாதவர்கள் மரக்குச்சியொன்றை எண்ணெயில் நிறுத்திப் பார்க்கலாம். குச்சியைச் சுற்றி உடனே சிறு குமிழ்கள் விடாமல் எழுந்தால் எண்ணெய் தயார். ஒரே நேரத்தில் குவாலியை நிரப்பினால் எண்ணெயின் சூடு இறங்கி, மேற்பரப்பு இறுகாமல் எண்ணெயைக் குடித்துவிடும் என்பதால், நான்கு ஐந்தாகப் பொரிப்பதே நல்லது. உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்தது; நமக்குத் தேவை மேலே ஒரு பொன்னிறத் தோல் மட்டுமே. அடிப்பக்கம் இறுகும்வரை கரண்டியால் சீண்டாமல் விட்டு, ஒரே ஒரு முறை திருப்பிவிடுங்கள்.

கேள்வி: மசியல் தளர்ந்திருந்தால் எத்தனை கரண்டி கோதுமை மாவு சேர்க்கலாம்?

பதில்: இந்தப் பழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தளர்ச்சிக்கு மருந்து மாவு என்று எண்ணிக் கொட்டக் கொட்டக் கிழங்கின் சுவை மறைந்துபோகிறது. பலகாரம் எண்ணெயில் இருப்பது சில நிமிடங்களே என்பதால், நடுவில் உள்ள மாவு வேகாமல் பச்சை வாடை அடிக்கிறது. முன்பு சொன்னபடி வறட்டிய பிறகும் கையில் ஒட்டினால், ஒரு கோப்பை மசியலுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃபிளவர்) போதும். மசிப்பதற்கு மின் அரைப்பானைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. கத்தியின் வேகத்தில் கிழங்கின் உயிரணுக்கள் உடைந்து மாவுச்சத்து வெளியேறி, மசியல் பசை போல இழுபடும். அதை எந்த மாவும் சரிசெய்யாது. அத்தகைய மசியலைச் சூப்பில் கரைத்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசியிலும் எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மேலே முட்டைக்குப் பதிலாக எதைத் தடவலாம்?

பதில்: இரண்டு மேசைக்கரண்டி சோள மாவை நான்கு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, சிறிது உப்பும் மிளகுத்தூளும் சேருங்கள். தட்டிய மசியலை அதில் தோய்த்து, ரவையிலோ பொடித்த கிரீம் கிராக்கர் பிஸ்கட்டிலோ புரட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்து பொரிக்கலாம். எனக்குப் பிடித்தது ரவைதான். பிஸ்கட் தூள் விரைவில் கருகிவிடும், ரவையோ பொறுமையாகச் சிவந்து, ஆறிய பின்னும் பல்லில் நொறுங்கும். மாவு கரைசல் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்பும் கலக்கிவிட வேண்டும்.

கேள்வி: மதியம் மீந்த மசியலை மேசையில் மூடி வைத்துவிட்டு, பால்மரத்து வேலை முடிந்து மாலையில் வந்து பொரிக்கலாமா? எப்படியும் கொதிக்கும் எண்ணெயில்தானே போடுகிறோம்?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 5 முதல் 60 பாகை வரையிலான சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். நம் ஊரின் பகல் வெப்பம் அதற்குள்தான் அடங்குகிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாளில் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கிழங்கை வேகவைக்கும்போதும் சாவதில்லை. அது உணவில் விட்டுச்செல்லும் வாந்தி நஞ்சு பொரித்தாலும் அழிவதில்லை. வாடை வரவில்லை என்பதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஐஸ்பெட்டியில் முறையாக வைத்த மசியலை மூன்று நான்கு நாள் வரை பயன்படுத்தலாம். பொரிக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் தட்டினால் நடுப்பகுதியும் நன்றாகச் சூடேறும்.

கேள்வி: ஏர் ஃபிரையரில் செய்தால் மொறுமொறுப்பு வருமா?

பதில்: வரும், ஆனால் எண்ணெயே தடவாமல் வைத்தால் தோல் உலர்ந்து வெளிறிப்போகும். இரு பக்கமும் சிறிது எண்ணெய் தடவி, 200 பாகையில் 12 முதல் 15 நிமிடம் வரை வைத்து, நடுவில் ஒரு முறை திருப்புங்கள்.

கேள்வி: காலையில் பசியாற வருவோருக்காகச் சிறிய கடை வைத்திருக்கிறேன். மலாய்க்காரர்கள் சோத்தோ என்னும் சூப்புடன் சாப்பிடும் பெர்கெடில் என்ற உருளைக்கிழங்கு வடை போல இதையும் விற்க நினைக்கிறேன். நெத்திலி சேர்க்கலாமா? காலை முழுவதும் மொறுமொறுப்பாக வைத்திருப்பது எப்படி?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். நெத்திலியைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, தனியே மொறுமொறுவென்று பொரித்துப் பொடித்த பிறகே மசியலில் கலக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையும் அவ்வாறே பொன்னிறமாகப் பொரித்துச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் வெங்காயம் நீர்விட்டு, நீங்கள் வறட்டிய பாடு வீணாகும். நெத்திலியில் உப்பு இருப்பதால் மசியலின் உப்பைச் சுவைத்துப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். பெர்கெடிலுக்கு மேலே அடித்த முட்டை மட்டுமே பூசுவார்கள். குழம்பில் ஊற வேண்டிய பலகாரம் அது என்பதால் தோல் மென்மையாக இருப்பதே பொருத்தம். தனியே கடித்துச் சாப்பிட விற்பதானால் ரவைப் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்.

பொரித்ததைத் தாளின் மேல் குவிக்காமல், கம்பி வலைத்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடிய பாத்திரத்திலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டால் அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்துவிடும். எவ்வளவு கவனமாக வைத்தாலும் காலை முழுவதும் மொறுமொறுப்பு நிற்காது என்பதால், தட்டிப் புரட்டியவற்றை ஐஸ்பெட்டியில் தட்டோடு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் வர வரப் பொரித்துக் கொடுங்கள். சம்பலைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொடுக்க மறக்க வேண்டாம்.